அம்மாவின் 13

30க்கு 13. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சுங்கை சிப்புட் வந்து சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை. நினைவாற்றலையும் சிந்திக்கும் திறனையும் பார்க்கிற மோக்கா என்கிற சோதனை அது. மதிப்பெண் 26க்குக் கீழே போனால் மேற்கொண்டு ஆராய வேண்டும், அவ்வளவுதான் அதற்குப் பொருள். எங்களிடமோ, "டிமென்ஷியா மாதிரி இருக்கு", அதாவது மறதிநோய், என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

சோதனை நடந்தது மலாயில். அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு பென்சிலை வைத்துவிட்டவர். பிறகு பால்மரம் வெட்டத்தான் போனார். அவரைக் கனசதுரம் வரையச் சொன்னால் எப்படி? படிப்பு 12 ஆண்டுக்கு மேல் போகாதவர்களுக்கு 1 மதிப்பெண் கூட்டுவார்கள். மூன்றாம் வகுப்புக்கு அந்த 1 எந்த மூலைக்கு?

அடுத்து, தமிழ் பேசும் உளவியலாளர் ஒருவரிடம் போனோம். முதல் ஒரு மணி நேரம் அவர் தாளையே எடுக்கவில்லை. "அம்மா, ராத்திரி தூக்கம் வருதா? சாப்பாடு இறங்குதா?" அப்பா இறந்து எட்டு மாதம் என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. முன்பு போன இடத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்த்தார். என்னைத் தனியே அழைத்து, கடையில் மீதிக் காசை எண்ணி வாங்குகிறாரா, அடுப்பை அணைக்க மறக்கிறாரா, மறதி எப்போது தொடங்கியது என்றெல்லாம் கேட்டார். இரத்தத்தில் தைராய்டு அளவும் வைட்டமின் பி12 அளவும் பார்க்க டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார்.

சோதனையின்போது நான் வெளியே இருந்தேன். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அடியெடுத்துக் கொடுத்துவிடுவார்களாம்.

சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை அரை மணி கழித்துக் கேட்டபோது அம்மாவுக்குச் சிலதான் வந்தன. அதே வார்த்தைகளை வேறு வார்த்தைகளோடு கலந்து சொல்லி, "இது இருந்துச்சா?" என்று கேட்டபோது ஏறக்குறைய எல்லாமே சரி! "பதிஞ்சிருக்கு. தேடி எடுக்கத்தான் சிரமப்படுறாங்க," என்றார். மனச்சோர்வில் இப்படி ஆவதுண்டு. டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமரில் பெரும்பாலும் பதிவதே குறைந்துபோகும். ஆனாலும் அவர் முடிவு கட்டிவிடவில்லை. முதலில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை, ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார்.

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருந்தது: பேசும் மொழி தமிழ், படிப்பு மூன்று ஆண்டு, தொழில் பால்மரம் வெட்டு. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"முப்பத்தோரு வருசம்னு போடச் சொல்லு," என்றார்.