வைஃபை இருக்கு, சைட் மட்டும் திறக்கலையா?

தண்டையார்பேட்டையோ வண்ணாரப்பேட்டையோ, கரண்ட் போய் வந்தபின் வைஃபை முழுசாகக் காட்டியும் எந்த சைட்டும் வரவில்லை என்றால், லைன்மேனுக்கு போன் போடும் முன் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருந்தால் கேபிளில் ஒளியே வரவில்லை. அவர் வந்துதான் ஆக வேண்டும்.

சிவப்பு இல்லையா? லேப்டாப்பில் கட்டளை டைப் செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, கூகுள் சர்வரின் எண்ணான 8.8.8.8-க்கு பிங் கொடுங்கள் (ping 8.8.8.8 என்று அடித்து, பதில் வருகிறதா என்று பார்ப்பது). பதில் வந்து, கூகுள்.காம் என்று பெயரைக் கொடுத்தால் மட்டும் தவறினால், லைன் நன்றாகத்தான் இருக்கிறது. பெயரை ஐபி எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது.

ரவுட்டரை அணைத்து 30 விநாடி கழித்துப் போடுங்கள். சரியாகவில்லையா? உடனே ரவுட்டர் செட்டிங்கில் கை வைக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு லேப்டாப்பில் டிஎன்எஸ் முகவரியை, யாரும் பயன்படுத்தக்கூடிய பொது டிஎன்எஸ்ஸான 1.1.1.1 என்று மாற்றுங்கள். சைட் திறந்தால், பழுது பெரும்பாலும் ரவுட்டரிலோ ஆபரேட்டரின் டிஎன்எஸ்ஸிலோதான். அதற்குப்பின் ரவுட்டர் செட்டிங்கில், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி பக்கத்தில் அதே எண்ணைப் போடலாம். வீட்டிலுள்ள மற்ற கருவிகளில் வைஃபையை அணைத்துப் போட்டால்தான் புது எண் உடனே ஏறும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஒரு ஆண்ட்ராய்டு போனில் மட்டும் சிக்கலா? அதன் நெட்வொர்க் செட்டிங்கில், போனுக்கென்று தனியாக டிஎன்எஸ் வைக்கும் பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள்.