நடுக்கோட்டைத் தாண்டாத வலி

என் வலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வலது கன்ன எலும்புக்குள் ஒரு கனம். மறுநாள் வலது கண்ணுக்குக் கீழே குத்தல். அதற்கடுத்து வலது காதின் ஆழத்தில் விண்விண் என்று தெறிப்பு. மூக்கின் நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கம் அது ஒரு முறைகூட எட்டிப் பார்த்ததில்லை. குனிந்து கோலம் போட்டால் கன்னத்தில் இருக்கும் கனம் முன்னால் சரியும். கூடவே எனக்கு மட்டும் தெரியும் ஒரு அழுகல் நாற்றம். "வீட்டில் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா?" என்று நான் கேட்க, மற்றவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள்.

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சந்தை நாள் என்றால் போன் காதைவிட்டு இறங்காது. காதுவலி போன் பேசுவதால்தான் வருகிறது என்று முதலாளி முடிவு கட்டினார். மின்விசிறிக்கு நேரே படுப்பதால் என்றார் என் கணவர். மற்ற எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: சைனஸ். நம் ஊரில் தலை வலித்தாலும் சைனஸ், தும்மினாலும் சைனஸ். பெயர் வைத்த கையோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது.

என் மாமியாரின் வைத்தியங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. "தலையில் நீர் கோத்திருக்கிறது கண்ணு" என்று நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார். நீர்க்கோவை மாத்திரையை இழைத்து நெற்றியிலும் கன்னத்திலும் பற்றுப் போட்டார். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பது உண்மை. பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட வந்தபோது மட்டும் "வேண்டாம் அத்தை" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போய்விடும். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது.

திம்பம் மலைப்பாதையில் பஸ்ஸில் போனபோதுதான் பொறுமை தீர்ந்தது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறக் காது அடைப்பது எல்லோருக்கும் உண்டு. எச்சில் விழுங்கினால் விட்டுவிடும். எனக்கு வலது காது விடவே இல்லை. ஆசனூரில் இறங்கும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "காது சுத்தமாக இருக்கிறதம்மா" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு வலிக்கும் காது எப்படிச் சுத்தமாக இருக்கும்? அவர் அடுத்துக் கேட்டது, "எப்போதும் வலது பக்கம்தானா?" என்று. ஆமாம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சளி, ஒவ்வாமையால் வரும் சைனஸ் தொல்லை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கேயே ஏதோ ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது: பல், பூஞ்சை உருண்டை, சதை வளர்ச்சி, அபூர்வமாகப் புற்று. சர்க்கரை அளவை உடனே பார்க்கச் சொன்னார். 2021இல் கருப்புப் பூஞ்சை படுத்திய பாட்டை மருத்துவர்கள் மறக்கவில்லை. சர்க்கரை நோயாளிக்கு ஒரு பக்க முகவலியோடு கன்னம் மரத்துப்போனாலோ கண் வீங்கினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார். எனக்குச் சர்க்கரை இல்லை.

மூக்குக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்ததில் வலது பக்கம் சீழ் இறங்குவது திரையில் தெரிந்தது. கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையைத்தான் கன்னக் குழி என்கிறேன், சைனஸ்களில் ஒன்று. சிடி ஸ்கேனில் இடது கன்னக் குழி கறுப்பாக, காற்றோடு இருந்தது. வலது குழி முழுக்கச் சாம்பல் வெள்ளை. படத்தைக் கொஞ்சம் கீழே நகர்த்தி, "இந்தக் கடைவாய்ப் பல்லில் எப்போதாவது ரூட் கெனால் செய்தீர்களா?" என்றார். செய்திருந்தேன், பெரியவன் பள்ளியில் சேர்ந்த வருஷம். அதற்குப் பிறகு அந்தப் பல் எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.

கொடுக்காது என்பதுதான் விஷயம். ரூட் கெனாலில் பல்லின் நரம்பை எடுத்துவிடுகிறார்கள். ஐஸ்கிரீம் கூசாது, சூடு சுடாது. வேர் நுனியில் கிருமி தங்கினால் அது மேலே பார்த்துப் போகிறது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கும் கன்னக் குழியின் தரைக்கும் நடுவே இருக்கும் எலும்பு சிலருக்குக் காகிதம் அளவுக்கு மெல்லியது. அந்தக் குழியின் வாசலோ உயரத்தில் இருக்கிறது. மேல் விளிம்புக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட தொட்டியில் அழுக்குத் தண்ணீர் எப்படி வடியும்? ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அடங்குவதும் நிறுத்தினால் கிளம்புவதும் இதனால்தான். அந்த நாற்றமும் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளின் வேலை.

பிறகு தேடிப் படித்ததில் ஒரு கதை கிடைத்தது. இந்தக் கன்னக் குழியை விரிவாக எழுதிய ஆங்கில மருத்துவர் நதானியேல் ஹைமோர். அவருடைய நூல் 1651இல் வந்தது. பல் பிடுங்கிய குழியிலிருந்து சீழ் வடிந்துகொண்டே இருந்த ஒரு பெண்ணைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அவள் ஒரு பறவை இறகை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறாள். அது போய்க்கொண்டே இருக்கவும், மூளைக்கே வழி திறந்துவிட்டதோ என்று நடுங்கிப்போனாளாம். அந்த அம்மாளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

காது ஏன் வலித்தது? மேல் பல், கன்னக் குழி, தாடை, காதின் முன்பகுதி எல்லாவற்றின் உணர்வையும் மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாம் கபால நரம்பின் கிளைகள். ஒரு கிளையில் தட்டினால் இன்னொரு கிளையின் இடத்தில் வலிப்பதாக மூளை நினைத்துக்கொள்கிறது. தொண்டையின் நரம்புகளும் காதுக்கு வருகின்றன. அதனால் காது சுத்தமாக இருந்தும் வலி விடாமல் இருந்தால் தொண்டையையும் பார்க்க வேண்டுமாம். புகையிலை போடும் என் பெரியப்பாவுக்கு அன்றே போன் செய்து இதைச் சொன்னேன். திட்டினார். ஆனாலும் போய்க் காட்டிவிட்டு வந்தார், ஒன்றுமில்லை.

பல் மருத்துவர் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார். மேல் முதல் கடைவாய்ப் பல்லின் முன்பக்க வேரில் நரம்பு ஓடும் கால்வாய்கள் பெரும்பாலும் இரண்டு இருக்குமாம். இரண்டாவது மயிரிழை அளவு என்பதால் நுண்ணோக்கி இல்லாமல் கண்ணில் படுவது கடினம். என் பல்லில் தவறிப்போனது அதுதான். பல்லுக்கு உறையாக மாட்டியிருந்த பழைய 'கேப்'பைக் கழற்றி, உள்ளே அடைத்திருந்ததைச் சுரண்டி எடுத்து, அந்தக் கால்வாயைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்தார். வாயை அவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்ததுதான் பெரிய வேதனை. பல் சரியான பிறகும் குழி காலியாகாவிட்டால் மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்து வாசலைப் பெரிதாக்க வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது மட்டும் தொடர்கிறது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில்தான். மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது என்று கேரளச் செய்திகளில் படித்த பிறகு, குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்கக் கை கூசுகிறது.

நாற்றம் முதலில் போனது, பிறகு கன்னத்தின் கனம், கடைசியாகக் காதுவலி. புது கேப்புக்கு அளவு எடுத்தாகிவிட்டது. போனஸ் கைக்கு வந்ததும் மாட்டிக்கொள்ள வேண்டும். அதுவரை முறுக்கு, கடலை எல்லாம் இடது பக்கம் மட்டும்.