புழுவை அழித்துத் தர முடியுமா?

ஜனவரி பிறந்ததுமே பத்திரிகைக்காரர்களும் நாள்காட்டி அச்சிடுகிறவர்களும் பாலைவனப் பூக்களின் படம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே: மலையடிவாரம் வரை ஊதா விரிப்பு. தெற்குக் கலிஃபோர்னியாவின் அன்சா-பொரேகோ பூங்காவில் அது 2017இலும் 2019இலும் கிடைத்தது. பல ஆண்டுகளில் கிடைக்காது. குளிர்காலத்துக்கு முன்பே நல்ல மழை பெய்து, விதையுறையில் முளைப்பைத் தடுக்கும் பொருளைக் கழுவிவிட வேண்டும். பிறகும் விட்டுவிட்டுத் தூற வேண்டும்; வெப்பக்காற்று முந்திக்கொண்டு வரக்கூடாது. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, எந்தத் தேதிக்குள் அனுப்புவீர்கள்?" என்பார்கள்.

விரிப்பிலும் தொழில் சூட்சுமம் உண்டு. நின்றபடி எடுத்தால் செடிக்குச் செடி மணல் தெரியும். குப்புறப் படுத்து, தூரத்தைக் கிட்டே இழுக்கும் 200 மி.மீ. லென்ஸில் பார்த்தால் இடைவெளியெல்லாம் மறைந்துவிடும். பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. கல்யாண ஆல்பம் மாதிரி. படுப்பதும் வெறும் மணலில்தான். பூவை நசுக்கிக்கொண்டு படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குப் பிடித்தது அந்த விரிப்பில் ஓட்டை விழுந்த இடங்கள். ஹெண்டர்சன் கேன்யன் சாலையோரம் ஊதா வெர்பீனாவுக்கு நடுவே வெள்ளை பிரிம்ரோஸ் பூக்கும். மாலையில் விரிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் வாடி இளஞ்சிவப்பாகிவிடும். இரவில் அதில் தேன் குடித்து மகரந்தம் சுமக்கிறது ஸ்பிங்க்ஸ் அந்துப்பூச்சி. அதன் புழுக்களோ அதே செடியைத் தின்று மொட்டையாக்குகின்றன. விரல் நீளம், உடலில் கறுப்பும் பச்சையுமாகக் கோடுகள், வால்பக்கம் ஒரு கொம்பு. லென்ஸைக் கிட்டே கொண்டுபோனால் முன்னுடலைத் தூக்கி விறைத்துக்கொண்டு நிற்கும். அசையாத மாடல் இந்த வேலையில் அபூர்வம்.

அர்ஜென்டினாவிலிருந்து வடக்கே போகும் ஸ்வைன்சன் பருந்துகள் வழியில் பொரேகோ பள்ளத்தாக்கில் தங்கி இந்தப் புழுக்களைத் தின்கின்றன. தன்னார்வலர்கள் வசந்தம்தோறும் அவற்றை எண்ணுகிறார்கள். கேமராக்கள் எல்லாம் வானத்தைப் பார்த்திருக்கும். நான் தரையிறங்கியவற்றைத் தேடுவேன். இறக்கையை மடக்கிக்கொண்டு, மணலில் தத்தித் தத்தி நடந்து புழு பொறுக்கும்போது கம்பீரம் ஒன்றும் இருக்காது. ஆனால் பின்னால் ஊதாப் பூ, முன்னால் பருந்து, இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் அலகில் நெளிந்துகொண்டிருக்கும்! அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "புழுவை மட்டும் அழித்துத் தர முடியுமா?" என்று கேட்ட பத்திரிகை ஆசிரியர் உண்டு. முடியாது என்று சொல்லி, விரிப்புப் படம் ஒன்றை அனுப்பிவைத்தேன்.

மழை பொய்த்த ஆண்டுகளில் பயணத்தையே ரத்து செய்யச் சொல்வார்கள். அப்போதும் ஒகோடீயோ என்ற பாலைவனச் செடியின் முட்கழிகள் நுனியில் சிவப்பாகப் பூத்துவிடும். கோஸ்டா ஹம்மிங்பேர்டுக்கு அது போதும். ஆண் பறவையின் தொண்டை பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும். வெயில் சரியான கோணத்தில் பட்டால்தான் ஊதா பளீரிடும். பின்னால் ஓடிப் பயனில்லை. பிடித்தமான குச்சிக்கே அது திரும்பத் திரும்ப வரும். அதைக் கண்டுபிடித்து, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். இந்தப் படங்களையும் சிலர் வாங்குகிறார்கள். விரிப்புக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள்.