மேட்டில் அரை கிளட்ச் வேண்டாம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், முன்னே செல்லும் பேருந்துக்காக நின்று நின்று ஏறும் கார்களிலிருந்து எழும் கருகல் வாடை, பெரும்பாலும் கிளட்ச் பிளேட் சூடேறித் தீய்வதால் வருவதே.

கார் நிற்கும்போதும் இன்ஜின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 முறை சுழல வேண்டும். நிற்கும் சக்கரத்தோடு அதை நேரடியாகப் பிணைத்தால் இன்ஜின் நின்றுபோகும். ஆகவே, இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும், டயாஃப்ரம் ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே, கியர்பாக்ஸ் தண்டோடு இணைந்த கிளட்ச் பிளேட் வைக்கப்பட்டிருக்கிறது. கிளட்ச் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் என்ற உருளும் வளையம் அந்த ஸ்பிரிங்கின் நடுப்பகுதியைத் தள்ள, பிடி தளர்ந்து பிளேட் விடுபடுகிறது. காலை மெல்ல எடுக்கும்போது பிளேட் சற்று வழுக்கியபடியே இன்ஜினின் வேகத்தை எட்டிப் பிடிக்கிறது. காரைக் குலுங்காமல் நகர்த்துவது இந்த வழுக்கல்தான். அதுவே நீடித்தால் வெப்பமாகிப் பிளேட்டைத் தின்றுவிடுகிறது.

எனவே மேட்டில் காத்திருக்கையில் அரை கிளட்சில், அதாவது பெடலைப் பாதி மிதித்தபடி பிளேட்டை வழுக்கவிட்டு, வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஹேண்ட் பிரேக் இருப்பதே அதற்குத்தான். ஓடும்போது கிளட்ச் பெடலின்மேல் காலை வைத்திருப்பதும் ரிலீஸ் பேரிங்கைத் தேய்க்கும். உயர் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் இரைச்சல் மட்டும் எகிறி, வேகம் ஏறாதிருந்தால், பிளேட் தேய்ந்து வழுக்குகிறதா என்று மலைப் பயணத்திற்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.