மாத்திரை டப்பாவைக் கேட்க மறந்த கதை

மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு பிஎச்டி செய்ய வந்தவள் நான். இங்கே இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் சர்க்கரை நோய் உள்ளவர்களுடைய குடல் பாக்டீரியாக்களையும் இல்லாதவர்களுடையதையும் ஒப்பிடுவதுதான் ஆய்வு. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதக்கணக்கில் ஆனது. அதை எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

கஷ்டம் அதற்கு அப்புறம்தான். முன்பின் தெரியாத பெரியவரிடம் போய் மல மாதிரி கேட்க வேண்டும். எந்த மொழியில் கேட்டாலும் நாக்கு கூசியது. கைகொடுத்தவர் நான் குடியிருந்த வீட்டு ஆயா. (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.) ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள் அது, 'போரிட்ஜ் பிரேயர்' என்றால்தான் இளையவர்களுக்குப் புரியும். ஆயா என்னைப் பெண்கள் நடுவே உட்கார வைத்து, "கூழைப் புளிக்க வைக்கிற பூச்சி மாதிரி வயித்துலயும் இருக்காம், இந்தப் பொண்ணு எண்ணப் போகுது" என்றார். விஞ்ஞானப்படி கொஞ்சம் இடிக்கும்தான், ஆனால் அன்றே நாலு பேர் சம்மதித்தார்கள்.

மாதிரிகளை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து மைனஸ் 80 டிகிரியில் வைப்போம். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. கரண்ட் போனால் ஃப்ரீசர் கதவை யாரும் திறக்காதபடி காவல் இருப்பேன்.

முடிவு வந்தபோது குதித்தேன். நோயாளிகளிடம் ஈ.கோலை வகைப் பாக்டீரியா கூடுதல், பியூட்டிரேட் என்ற, குடலுக்கு நல்லது செய்யும் கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கும் பாக்டீரியா குறைவு. வழிகாட்டி ஒரே கேள்வி கேட்டார்: "இவர்களில் யார் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்கள்?"

மெட்ஃபார்மின் என்பது சர்க்கரை நோய்க்குப் பரவலாகக் கொடுக்கும் மாத்திரை. என் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. சர்க்கரை நோயின் அடையாளம் என்று பலரும் நம்பிய மாற்றங்களில் ஒரு பகுதி, ஈ.கோலை கூடுவது உட்பட, மெட்ஃபார்மினின் வேலை என்று 2015-லேயே 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்துவிட்டது. மேலோட்டமாகப் படித்த வினை.

சரி, மறுபடி அனுமதி வாங்கி, மறுபடி வீடு வீடாக ஏறினேன். மருந்துவாரியாகப் பிரித்துப் பார்த்ததும் ஈ.கோலை வித்தியாசம் காணாமல் போனது. பியூட்டிரேட் குறைவு மட்டும் ஓரளவு நின்றது. ஆய்வேடு இப்போது அதை நம்பித்தான் ஓடுகிறது.

அந்த இரண்டாம் சுற்றில் ஒரு தாத்தா, பழைய ஐஸ்கிரீம் டப்பாவை மேஜையில் கவிழ்த்தார். அத்தனையும் மாத்திரை அட்டைகள். "டப்பா அன்னிக்கும் இங்கதான் இருந்துச்சு" என்றார். "நீதான் வேற டப்பா கேட்ட."