சாட்ஸ்வொர்த்தில் வேன் நிறுத்த ஓர் இடம்

டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு அதற்கு மாற்றாக மெதடோன் என்ற மருந்தைக் கொடுக்கும் நடமாடும் மருத்துவமனை தொடங்கப்போகிறோம் என்றதும் எல்லோரும் வேனைப் பற்றித்தான் கேட்டார்கள். என்ன விலை, யார் நன்கொடை, பக்கவாட்டில் யார் பெயர்? வேன் சுலபமாகக் கிடைத்துவிட்டது. எங்களை அலையவிட்டது காகிதம்தான்.

தென்னாப்பிரிக்காவில் மருத்துவர் மருந்து வழங்க உரிமம் வாங்கினால் அது அவர் பெயரோடு இடத்தையும் சேர்த்தே வரும். இதை எதிர்த்த வழக்கில், இடத்தைக் குறிப்பிடத்தான் வேண்டும் என்று 2005இல் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஓடுகிற வண்டிக்கு எந்த முகவரியை எழுதுவது? வழி சொன்னவர் ஒரு மருந்தாளுநர். மருத்துவர், நோயாளி ஒவ்வொருவர் பெயருக்கும் மருந்துச்சீட்டு எழுதுவார்; உரிமமுள்ள மருந்துக்கடை அளந்து, பெயர் ஒட்டிய புட்டிகளாகத் தரும்; செவிலியாகிய நான் வேனில் அவரவர் புட்டியைக் கொடுத்துக் கண்முன் குடிக்கவைத்தால் போதும். மெதடோன் கடுமையான கட்டுப்பாடுள்ள ஆறாம் அட்டவணை மருந்து. 30 நாளுக்குப் பிறகு சீட்டு செல்லாது, அதே சீட்டில் மறுபடி வாங்கவும் முடியாது. ஆகவே மாதந்தோறும் மருத்துவரையும் வண்டியேற்ற வேண்டும்.

அடுத்தது இடம். கோயில் வளாகத்தைக் கேட்டோம். "திருடர்களை வாசலுக்கே அழைக்கிறாயே தங்கச்சி" என்றார் ஒருவர். அவர் வீட்டுச் செப்புக் குழாயும் திருடுபோய், சுகர்ஸ் என்று இங்கே சொல்லும் ஹெராயின் கலந்த போதைத்தூளுக்குப் போனதுதான். கோபத்தில் நியாயம் இருந்தது. கடைசியில் சம்மதித்தார்கள், ஆனால் வெள்ளிக்கிழமையும் புரட்டாசிச் சனிக்கிழமையும் வரக்கூடாதாம். மெதடோனுக்கு விரத நாள் கிடையாது, ஒரு நாள் தவறினாலே சிலருக்கு வயிறு முறுக்க ஆரம்பித்துவிடும் என்று செயலாளர் அண்ணாவிடம் மன்றாடினேன். அந்த நாட்களில் மட்டும் பூசைக்கு முன்பே, சமையற்கட்டுப் பக்கத்து வாசலில் நிறுத்தலாம் என்று முடிவாயிற்று.

முதலில் வந்த பையனுக்கு 20 மில்லிகிராம். "இது எந்த மூலைக்கு, அக்கா?" என்றான். முதல் நாள் 30ஐத் தாண்டக்கூடாது. உடம்பில் இது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். ஆரம்ப இரண்டு வாரம்தான் உயிருக்கு ஆபத்தான காலம். பலருக்கு 60 முதல் 120 வரை தேவைப்படும், ஆனால் படிப்படியாகத்தான். குடித்ததும் தண்ணீர் கொடுத்து, முழுப் பெயரைச் சொல்லச் சொல்வேன். வாயில் அடக்கிவைத்து வெளியே துப்பி விற்கிறவர்கள் உண்டு; வாயில் மருந்தை வைத்துக்கொண்டு 'கோவிந்தசாமி' என்று சொல்ல முடியாது. மருந்து மிஞ்சி மூச்சு அடங்கினால் மீட்கும் நலாக்சோன் ஊசி கையெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

பணம்தான் இன்னும் உதைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மெதடோன் 2005இலேயே ஏறிவிட்டது; நாங்களோ தனியார் விலைக்குத்தான் வாங்குகிறோம். அடுத்த காலாண்டுக்கான மருந்துப் பணம் கைக்கு வராமல் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. பாதியில் மருந்து நின்று, தாங்கும் சக்தி குறைந்த உடம்போடு ஒருவன் பழைய அளவு சுகர்ஸுக்குத் திரும்பினால் உயிரே போகலாம். காத்திருப்பவர்களின் தாய்மார் இதற்காக என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.