சித்தப்பாவின் காலிப்பர்

ஆந்திராவின் நகரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சித்தப்பா காலில் மாட்டும் காலிப்பரைக் கழற்றி வைத்தால் 'டங்'கென்று கேட்கும், விசைத்தறிச் சத்தத்தையும் மீறி. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முட்டிக்குத் தோல் பட்டை, கீழே கனத்த பூட்ஸ். வியர்வையில் ஊறிய பட்டைக்கு அம்மா அவ்வப்போது விளக்கெண்ணெய் தடவிக் காயவைப்பார். போலியோவில் சூம்பிப்போன காலுக்கு இவ்வளவு இரும்பு!

இன்று கலாம் பழைய பேச்சொன்றில் சொன்ன சம்பவம் ஞாபகம் வந்தது. ஹைதராபாத் ஏவுகணை ஆய்வகத்துக்கு அங்குள்ள நிம்ஸ் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவர் வந்திருக்கிறார். அக்னி ஏவுகணைக்காகச் செய்த கூட்டுப்பொருளைத் தூக்கிப் பார்த்தவர், அது அவ்வளவு லேசாக இருக்கவே கலாமைத் தன் வார்டுக்கே அழைத்துப் போய்விட்டார். அங்கே குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேலான காலிப்பரை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராமில் புதுசு தயார்.

அந்த மூன்று வாரம்தான் எனக்கு ஆச்சரியம். அமெரிக்காவில் ராணுவப் பணத்தில் 1969-ல் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்களை இணைத்த அர்பாநெட் வலையமைப்பு, இன்டர்நெட்டாகி நம் கைக்கு வர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. இங்கே ஒரு டாக்டர் கையால் தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான்.

சரி, ஹைதராபாத் எங்களுக்கு ஒரு ராத்திரிப் பயணம். ஆனால் யாரும் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. கடைசிவரை இரும்புதான்.

பரணில் இருந்ததை எடுத்துப்போய் மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். 3 கிலோ 200 கிராம்.